கமராவும் காம்பராவும்

குறும்படம் எடுக்க விழையும் மலையக இளைஞர் நால்வர் ஒன்றுகூடினால், அங்கே முதலில் எழும் வினா, எந்த டிஜிட்டல் கமராவை வாங்குவது என்பதே. கதையைப் பற்றிய பேச்சுப் பின்னர்தான் வருகிறது. எதற்காக அக்கதை என்ற பேச்சு அதற்கும் பின்னர் வருகிறது, பலவேளை வராமலே போய்விடுகிறது. வினாவில் தவறில்லை. தச்சன் உளியைப் பார்த்தே வாங்குகிறான். உழவன் மண்வெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே விலை பேசுகிறான். கலைஞனும் தன் கருவியை அறிந்து தேர்தல் வேண்டும். ஆனால் அவ்வினாவிற்கான விடையை நம் இளைஞர்கள் வியாபாரிகளின் விலைப் பட்டியலில் தேடுகின்றனர். இத்தனை மெகாபிக்ஸல், இத்தனை ‘கே’, இத்தனை மடங்கு சூம் என்று எண்கள் அடுக்கப்படுகின்றன. அந்த எண்களுக்கும் நம் மக்களின் வாழ்வுக்கும் என்ன உறவு என்று கேட்பாரில்லை. நாம் அந்த வினாவையே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். விடையை மட்டும் கடையில் தேடாது லயத்தில் தேட விரும்புகிறோம்.

பெரகலச் சந்தியை அறியாத மலையகத்தார் குறைவு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் ஏ4 நெடுஞ்சாலை, இங்கிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. ஏ16 வீதி இங்கே பிரிந்து ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலவை அடைகிறது. பதுளைக்குப் போகும் 99ஆம் இலக்க பஸ்ஸும், இவ்வழியே எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கப் போகும் உல்லாசப் பயணியின் வாகனமும் இச்சந்தியைக் கடந்தாக வேண்டும். அவ்வாகனங்களுள் ஏதேனும் ஒன்று வளைவில் நிற்கிறது. கண்ணாடி இறங்குகிறது. பனிமூட்டம், பச்சைச் சரிவு, அச்சரிவில் புள்ளிகளாகத் தெரியும் கொழுந்து பறிக்கும் பெண்கள் யாவும் இரண்டு நிமிடத்தில் கமராவுக்குள் அடங்கிவிடுகின்றன. வாகனம் போய்விடுகிறது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நம் முன்னோர் சொன்னதன் பொருள் இதைக்காட்டிலும் தெளிவாக வேறெங்கே விளங்கும்? கோகிலம் சுப்பையா 1964இல் தோட்டத் தொழிலாளர் வாழ்வை நாவலாக்கியபோது அதற்குத் ‘தூரத்துப் பச்சை’ என்றே பெயரிட்டார். அந்தத் தூரமே நம் பிரச்சினையின் வேர்.

இத்தூரம் நேற்று ஏற்பட்டதன்று. ஆங்கிலப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கெமரன், 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். அக்கணவரே கோல்புறூக்–கெமரன் ஆணைக்குழுவின் கெமரன். இங்கே கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்தவர். அம்மையார் 1879இல் மறைந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் இருந்தபோது அவர் டார்வினையும் டெனிசனையும் படமெடுத்தார். அப்படங்களுக்கு அவர்களின் பெயர்களே தலைப்பாயின. இலங்கையில் அவர் படமெடுத்த உழைப்பாளிகளுக்கோ பெரும்பாலும் பெயரில்லை. அன்றைய ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளியை விரைந்து பற்றும். சிவப்பையும் மஞ்சளையும் ஏறக்குறையப் பற்றாது. ஆதலால் மண்ணிற முகங்கள் அதில் உள்ளதைக் காட்டிலும் இருண்டு பதிந்தன. பெயர் தெரியாமற் போனதற்குச் சமுதாயம் காரணம். முகம் இருண்டு போனதற்குக் கருவியும் ஒரு காரணம். இவ்விரண்டும் ஒரே படத்தில் சேர்ந்து நிற்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

அடுத்து, உலகெங்கும் ஆவணப்பட மாணவர்கள் பாடமாகக் கற்கும் ‘சோங் ஒஃப் சிலோன்’. பேசில் றைட் 1934இல் உருவாக்கிய இப்படத்திற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. உருவ நேர்த்தியில் அது சிறந்த படைப்பு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் படப்பிடிப்பு இங்கே ஒலியின்றி நடந்தது. ஒலி இங்கிலாந்தின் கலையகத்தில் சேர்க்கப்பட்டது. 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து லயனல் வென்ட் படிக்கிறார். வணிகத்தைப் பற்றிய பகுதியில் சந்தை விலை சொல்லும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன. கொழுந்து பறிப்பவளின் பேச்சு மட்டும் நமக்குக் கேட்பதில்லை. தேயிலைக்கு விலை பேசும் குரல் உண்டு. தேயிலையைப் பறிக்கும் குரல் இல்லை. இதனை இயக்குநரின் தனிப்பட்ட குறையாக மட்டும் கொள்ளுதல் போதாது. கமராவுக்குக் காசு கொடுத்தவர் யார் என்பது, அந்தக் கமராவின் செவி எதைக் கேட்கும் என்பதையும் பெருமளவு தீர்மானித்தது.

மூன்றாவது கமரா அரசாங்கக் காகிதங்களின் கமரா. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளவும் வகைசெய்தது. கடவுச்சீட்டுக்குப் போட்டோ வேண்டும். கூலி வேலையில் ஆண்டுகள் பல கழிந்தும் தன் உருவத்தைப் படமாகக் கண்டிராத ஒரு முதியவர், நகரத்து ஸ்டூடியோவில் நிமிர்ந்து அமர்ந்து முதன்முறையாகக் கமராவைப் பார்த்தது, பிறந்த மண்ணை விட்டுப் போவதற்காக என்றால், அந்தக் கருவியின்மேல் நம் மக்களுக்கு என்ன நம்பிக்கை பிறந்திருக்கும்?

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நம் வினாவிற்குரிய அளவுகோல்கள் தாமே புலப்படும். முகத்தைத் தெளிவாகக் காட்டுதல், குரலைக் கேட்டல், படமெடுத்ததும் போய்விடாமல் உடன் தங்குதல். எந்தக் கமரா இம்மூன்றுக்கும் உதவுமோ அதுவே நமக்கு ஏற்ற கமரா. மற்ற எண்கள் யாவும் இரண்டாம் பட்சம்.

டிஜிட்டல் கருவி வருமுன் இத்தகைய தேர்வே நமக்கு இருந்ததில்லை. 35 மில்லிமீற்றர் படச்சுருள் ஆயிரம் அடி ஓடினால் பதினொரு நிமிடமே தேறும். அதை வாங்கவும் கழுவவும் பிரதியெடுக்கவும் முதலீட்டாளன் தேவை. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வீ. பீ. கணேசன் ‘புதிய காற்று’ என்ற படத்தைத் தயாரித்து நடித்துத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தார். அவரிடம் சங்கத்தின் செல்வாக்கும் பணம் திரட்டும் ஆற்றலும் இருந்தன. லயத்துப் பையனிடம் அவை எங்கிருந்து வரும்? 1995இல் மினிடிவி நாடாக் கமராக்கள் சந்தைக்கு வந்தன. ஒரு மணி நேர நாடா சில நூறு ரூபாவுக்குள் அடங்கியது. 2008இல் கெனன் நிறுவனத்தின் 5டி மார்க் 2 வந்தபோது, போட்டோக் கமராவிலேயே 1920க்கு 1080 அளவில் முழுத் தெளிவான வீடியோவும் எடுக்கலாம் என்றாயிற்று. முதலாளியின் தயவின்றிப் படமெடுக்கும் வாய்ப்புத் தமிழ் இளைஞனுக்கு முதன்முறையாகக் கிட்டியது.

அவ்வாய்ப்பு எவ்வாறு பயன்பட்டது? தமிழ்நாட்டில் இரு வழிகளைக் காண்கிறோம். மதுரையைச் சேர்ந்த ஆர். பி. அமுதன் 2003இல் ‘பீ’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். ஒரு தெருவில் மலம் அள்ளித் துப்புரவு செய்யும் பெண்ணின் நாள்வேலையை அது பின்தொடர்கிறது. கமரா அவரை விட்டு விலகுவதில்லை. முகத்தைச் சுளிக்கவும் பார்வையாளருக்கு இடங்கொடுப்பதில்லை. படச்சுருளின் விலையை எண்ணிப் பார்ப்பவன் அவ்வளவு நேரம் பொறுத்திருக்க முடியாது. கருவியின் மலிவு அங்கே கலையின் பொறுமையாக மாறியது. மற்ற வழி, 2009இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ போட்டி. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்ற திறமைசாலிகள் அதனூடாக வெளிப்பட்டனர். அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் குறும்படம் என்பது கோடம்பாக்கத்துக்குப் போடும் விண்ணப்பம் என்ற எண்ணமும் அதனோடு பரவியது. விண்ணப்பம் அழகாயிருக்க வேண்டுமே! ஆகவே பின்னணி மங்கித் தெரியும் லென்ஸ், திரைப்படச் சாயல் நிறங்கள், வானிலிருந்து சுழலும் ட்ரோன் என்று செலவு பெருகிற்று. நம் மலைகளில் எடுக்கப்படும் படங்களிலும் இன்று இந்நோயின் அறிகுறிகள் தெரிகின்றன. தேயிலைச் சரிவின்மேல் ட்ரோன் மிதந்து வருகிறது, வயலின் ஒலிக்கிறது, தூரத்துப் பச்சை இன்னும் நூறு மீற்றர் தூரம் போய்விடுகிறது.

இனி முதல் அளவுகோலுக்கு வருவோம். லத்தீன் மொழியில் ‘கமரா’ என்றால் அறை. இருட்டறையின் சுவரிலே சிறு துளை வழியே வெளியுலகின் பிம்பம் விழுவதைக் கண்டவர்கள் அதற்கு இருட்டறை என்றே பெயரிட்டனர்; அதன் பாதியே கருவிக்குப் பெயராய் நிலைத்தது. தோட்டத்து மக்கள் தம் இருப்பிடத்தைக் ‘காம்பரா’ என்கின்றனர். அதுவும் போர்த்துக்கேயர் வழியாக வந்த அதே சொல்தான். சொல்லிலே உடன்பிறந்த இவ்விரு அறைகளும் வாழ்விலே சந்தித்தது அரிது. 10க்கு 12 அடி அறை, சன்னல் சிறிது, அடுப்புப் புகை படிந்த சுவர், மங்கிய ஒற்றை மின்குமிழ். மலையகக் குறும்படத்தின் பாதிக் காட்சிகளாவது இந்த அறையிலன்றி வேறெங்கே நடக்கும்? பெண்கள் விடியுமுன் எழுந்து சமைப்பதும், பிள்ளை பாடம் படிப்பதும், சம்பளக் கணக்குப் பார்ப்பதும், சண்டையும் சமாதானமும் இங்கேதான்.

ஆகவே வாங்குமுன் பார்க்க வேண்டியது, இந்த இருட்டில் கமரா என்ன செய்கிறது என்பதே. ஒளியை வாங்கும் சில்லான சென்சர் பெரிதாயிருந்தால் அதிக ஒளி சேரும். சிறிதாயிருந்தால் முகத்தின்மேல் புள்ளிகள் மொய்க்கும். எஃப் 1.8 என்ற அளவுக்குத் திறக்கும், சூம் இல்லாத ஒற்றைக் குவிய லென்ஸ் விலை குறைந்தது. கமராவோடு சேர்த்து விற்கப்படும் சூம் லென்ஸைவிடப் பன்மடங்கு ஒளியை அது உள்ளே விடும். ‘4கே’ என்று சொல்லப்படும் படத்தில் முழு எச்டியைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள் உண்டு, உண்மையே. ஆனால் நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரம் 45 கிகாபைட் இடத்தை விழுங்கும். அதைத் தொகுக்க வலிய கணினி வேண்டும். சேமிக்க மேலும் தட்டுகள் வேண்டும். பாடசாலை மண்டபத்தின் வெள்ளைத் துணியில் காட்டப்போகும் படத்துக்கு இச்செலவு எதற்கு? இருட்டில் தெளிவாக எடுக்கும் முழு எச்டி கமரா, இருட்டில் தடுமாறும் 4கே கமராவைவிட நமக்கு மேலானது.

வெளியிலோ வேறு சிக்கல். பனிமூட்டத்தின் வெண்மையில் கறுத்த முகமுடைய பெண் நிற்கிறாள். தானியங்கியாய் விடப்பட்ட கமரா, சட்டகத்தில் உள்ளதையெல்லாம் சராசரிச் சாம்பல் நிறமாக்கவே முயலும். பனி சாம்பலாகும், அவள் முகம் கரியாகும். இது கமரனின் கண்ணாடித் தகடு தொட்டு வரும் வரலாறு. 1977–78இல் மொசாம்பிக் அரசின் அழைப்பில் அங்கு சென்ற பிரெஞ்சு இயக்குநர் கொடார், கொடாக் படச்சுருளைப் பயன்படுத்த மறுத்தார். கறுத்த மேனியைச் சரிவரக் காட்டாத அச்சுருள் இனவாதமுடையது என்பது அவர் குற்றச்சாட்டு. இன்றைய சென்சர் அவ்வளவு மோசமன்று. ஆயினும் முகத்தைப் பார்த்து அளவிடும் பொறுப்பை அதனிடம் விட்டுவிடலாகாது. துவாரம், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் கையால் மாற்ற இடங்கொடுக்கும் கமராவையே வாங்க வேண்டும். முகத்துக்கு ஒளியைச் சரிசெய்தால் பின்னே பனியும் மலையும் வெளிறிப் போகலாம். போகட்டும்! மலை வெளிறுவதா, மனிதர் இருளுவதா என்ற தேர்வில் நம் பக்கம் எது என்பதில் ஐயமிருக்கலாகாது. மேலும் நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடிக்கு வைத்து, நொடிக்கு 25 சட்டகமாக எடுத்தால் காம்பராவின் மின்குமிழ் திரையில் துடிக்காது. இச்சிறு விஷயம் தெரியாமற் கெட்டுப்போகும் காட்சிகள் பல.

இரண்டாவது அளவுகோல் குரல். விலைப் பட்டியலில் கடைசி வரியில் கிடக்கும் ஒரு சிறு துளையை முதலில் பார்க்கச் சொல்கிறோம். வெளி மைக்கைப் பொருத்தும் துளை அது. காதணிக் கருவிக்கு இன்னொரு துளையும் இருந்தால் மிக நன்று. இவை இல்லாத கமரா எவ்வளவு அழகான படம் தந்தாலும் நமக்கு ஆகாது. ஊவாவில் ஆடி முதல் புரட்டாதி வரை வறண்ட காற்று வீசும். தேயிலைக்கு மணமூட்டி ஏலத்தில் விலையேற்றும் அதே காற்று, கமராவின் உள்மைக்கில் புகுந்து பேச்சையெல்லாம் இரைச்சலாக்கிவிடும். உரோமத் துணி போர்த்திய மைக்கைப் பேசுபவரின் அருகில் வைத்தால் போதும். 1934இல் கேட்காமற் போன குரல் இன்றும் கேட்காவிடில், அதற்குத் தேயிலைச் சபையைக் குறைகூற முடியாது.

அருகில் வைத்தல் என்றோம். சூம் லென்ஸைப் பற்றிய நம் கருத்தும் அதுவே. இருபது மடங்கு சூம் உள்ள கமரா, வீதியில் நின்றபடியே மலையில் வேலைசெய்பவளின் வியர்வையைப் படமெடுக்கும். அவளிடம் கேட்க வேண்டியதில்லை. பெயர் தெரிய வேண்டியதில்லை. உறவை மிச்சப்படுத்தும் கருவி அது. கண்ணின் பார்வைக்கு நெருங்கிய ஒற்றை லென்ஸ் உடையவனோ நடந்து போயாக வேண்டும். இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசியாக வேண்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் திரும்பியாக வேண்டும். காட்சியின் உருவமே இதனால் மாறுகிறது. உள்ளடக்கமும் உருவமும் வேறல்ல என்று நாம் இலக்கியத்தில் வாதிட்டு வந்த உண்மை, லென்ஸிலும் மெய்யாகிறது.

மூன்றாவது, தங்குதல். நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் வெளியாயிற்று. மூன்று இலட்சம் ரூபாக் கமரா, அக்கணக்கில் உண்ணாமல் உடுக்காமல் 300 நாள் பறித்த கொழுந்து. சம்பளம் அதன்பின் ஓரளவு உயர்ந்தும் கணக்கின் சாரம் மாறவில்லை. எனவே தனியொருவன் கடன்பட்டு வாங்குவதை நாம் ஊக்குவிக்கவில்லை. ஐந்தாறு தோட்டத்து இளைஞர் மன்றங்களும் ஆசிரியர்களும் சேர்ந்து, பழுதுபார்க்கக் கூடிய, எங்கும் லென்ஸும் பற்றரியும் கிடைக்கிற, கைமாறிய கமரா ஒன்றை வாங்கலாம். விலையில் ஒரு பங்கை மைக்குக்கும் முக்காலிக்கும் மேலதிகப் பற்றரிக்கும் ஒதுக்க வேண்டும். மலையின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் ஆண்டுகள் பல உழைக்கும். இவை சிறு விஷயங்கள்தாம். ஆனால் கருவி ஊரிலே தங்குவது இவற்றால்தான்.

நண்பர்கள் சிலர் வேறொரு கேள்வி எழுப்புகின்றனர். கையிலே போன் இருக்கிறது, கமரா எதற்கு? 2015இல் ‘டாஞ்சரின்’ என்ற முழுநீள அமெரிக்கப் படமே ஐபோனில் எடுக்கப்பட்டதே என்கின்றனர். இவ்வாதத்தில் பெரும் உண்மை உண்டு. கமரா கிடைக்கும்வரை காத்திருப்பவன் படமெடுக்கப் போவதில்லை. தொடங்குவோருக்குப் போனும் நல்ல மைக்கும் போதும் என்றே நாமும் சொல்வோம். ஆயினும் அப்படத்தினர் போனோடு தனி லென்ஸ் இணைப்பையும் முறையான ஒலிப்பதிவையும் பயன்படுத்தினர் என்பதை மறக்கலாகாது. சாதாரணப் போனின் சிறிய சென்சர் காம்பராவின் இருட்டில் முகத்தைக் குழைத்துவிடுகிறது. ஏழைகளைப் பற்றிய படம் ஏழ்மையாக இருந்தால் போதும் என்பது எளிமை போலத் தோன்றும் அலட்சியம். நம் தாயாரின் முகம், கல்யாண வீட்டு வீடியோவில் மணமகளின் முகம் தெரிவது போலவேனும் தெளிவாகத் தெரிய உரிமையுடையது.

கருவி கைக்கு வந்தபின் அது யார் கையில் என்ற வினா எஞ்சுகிறது. 1967இல் பிரான்சின் பெசன்சோன் நகரில் றோடியாசெட்டா ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிறிஸ் மாக்கரும் தோழர்களும் அதைப் படமாக்கி 1968இல் அத்தொழிலாளருக்கே காட்டினர். பாராட்டு எதிர்பார்த்த இடத்தில் கண்டனம் எழுந்தது: இது வெளியார் கண்ணில் தெரிந்த நாங்கள் என்றனர் தொழிலாளர். மாக்கர் வாதாடவில்லை, கமராவை அவர்களிடமே கொடுத்துத் தொழில் கற்பிக்க ஏற்பாடு செய்தார். சோவியத் இயக்குநர் மெத்வேத்கினின் பெயரால் அமைந்த அக்குழு, 1969இல் கைக்கடிகாரத் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி தொழிற்சங்கப் போராளியாக வளர்வதைப் படமாக்கியது. படத்தை முதலில் படத்தில் உள்ளவருக்குக் காட்டுதல், அவர் சொல்வதைக் கேட்டு மாற்றுதல், அவர் கையில் கருவியைக் கொடுத்தல் ஆகிய மூன்று பாடங்களும் நமக்கு அப்படியே பொருந்தும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் துவாரமும் ஷட்டரும் புரியாது என்பவர், கவ்வாத்து வெட்டும் நுணுக்கத்தை ஒருநாள் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

இது வெறும் கலைப் பிரச்சினை அன்று. பெரகலவிலிருந்து இறங்கும் வீதியில் உள்ள கொஸ்லந்தையின் மேலே, மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சரிந்த பின்னர் உலகின் கமராக்கள் பல வந்தன. அழுத முகங்களை எடுத்தன, போயின. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நெருக்கியடித்துக் காத்திருந்த நீண்ட காலத்தில் அக்கமராக்களில் பெரும்பாலானவை திரும்பி வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் சரிந்தன.

குறும்படம் மலையைத் தாங்கிப் பிடிக்காது. அப்படிச் சொல்பவர் கலையை அறியாதவர். ஆனால் சுவரில் விரிசல் விழும் நாளில், அச்சுவருக்குள் வாழ்பவள் அதைப் பற்றித் தன் வாயால் பேசும் பத்து நிமிடப் படம் ஒன்று இருந்தால், அது பாடசாலையிலும் சங்கக் கூட்டத்திலும் காட்டப்பட்டால், எச்சரிக்கை அறிக்கை அலுவலக அலுமாரியில் அவ்வளவு நிம்மதியாக உறங்க முடியாது. அந்தப் படத்தை எடுக்கப் போகும் கமரா அன்று கொழும்பிலிருந்து வர முடியாது. அது ஏற்கனவே லயத்தில் இருந்தாக வேண்டும். எனவே கடைக்குப் போகும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: வாங்குமுன் அந்தக் கமராவை ஒருநாள் இரவல் கேளுங்கள். மாலை ஆறு மணிக்குப் பின் ஒரு காம்பராவுக்குள் கொண்டுபோங்கள். அங்கே அடுப்படியில் இருப்பவரின் அனுமதியோடு, அவர் பேசுவதைப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். பின்னர் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். தன் முகம் தெரிகிறது, தன் பேச்சுக் கேட்கிறது என்று அவர் சொன்னால், அதனை வாங்கலாம்.